ஞாயிறு சைக்கிள்: மெயின் ரோடா, தோட்டத்து ரோடா?

தலவாக்கலை ரைடர்:
நம்ம இலங்கை மலையகத்துல ஞாயிறு காலையில சைக்கிள் மிதிக்கிற எல்லாருக்கும் சொல்றேன். கம்பளை–நுவரெலியா ரோட்டையும் ஹட்டன் ரோட்டையும் விட்டுட்டு இனிமே தேயிலைத் தோட்டத்து ரோட்டுலயே போவோம். 2023 ஜனவரியில நானுஓயா ரதல்ல குறுக்கு ரோட்டுல 7 பேர் செத்தாங்க. 2025 மே மாசம் கொத்மலை கெரண்டி எல்லயில பஸ் பள்ளத்துல விழுந்து 20 பேருக்கு மேல போய்ட்டாங்க. அந்த மாதிரி ரோட்டுல, வெள்ளைக் கோட்டுக்கும் ரோட்டோரத் தண்ணிக் கானுக்கும் நடுவுல இருக்கிற ஒரு முழ இடத்த நம்பித்தான் நாம போறோம். முடக்குல பஸ் ஹோர்ன் அடிச்சுக்கிட்டு முந்தினா எங்க ஒதுங்குறது?

கம்பளை மிதிகாரன்:
தம்பி, உங்க பயம் நியாயம். முடிவுதான் சரியில்ல. கம்பளையில இருந்து நுவரெலியாவுக்குக் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் ஏறணும். மூச்சு விட்டு ஏற முடியிற தார் ரோடுன்னா அது ஏ5, அந்தக் கம்பளை–நுவரெலியா மெயின் ரோடுதான். புசல்லாவையில தேத்தண்ணி குடிக்கலாம். சைக்கிள் உடைஞ்சா ஏத்திக்கிட்டு வர ஒரு வேனாவது கிடைக்கும். தோட்டத்துக்குள்ள தார் பேர்ந்து வெறும் கல்லாக் கிடக்கு. நம்ம பொடியன்கள் பாதிப் பேர்கிட்ட இருக்கிறது மெல்லிய டயர். விழுந்து கை உடைஞ்சா, போன் சிக்னல் கிடைக்கவே ஒரு மலை ஏறணும்.

இன்னொன்னு. 2022ல பெற்றோல் இல்லாம வரிசையில நின்ன மாசங்கள்ல, எத்தனை பேர் சைக்கிளத் தூசி தட்டி ரோட்டுக்கு எடுத்தாங்க! அப்ப பஸ்காரங்களும் பார்த்து ஓட்டினாங்க. சைக்கிள் கண்ணுல பட்டாத்தான் டிரைவருக்குப் பழகும். நாம ஒளிஞ்சு போனா, அடுத்ததா ரோட்டுக்கு வர்ற பிள்ளைக்குத்தான் ஆபத்து.

தலவாக்கலை ரைடர்:
டிரைவருக்குப் பழக்குறதுக்கு நம்ம உயிரா அண்ணே? டயர் ஒரு பிரச்சினையே இல்ல. அகலமான டயரப் போட்டு காத்தக் கொஞ்சம் குறைச்சா கல்லுல நல்லாப் போகும். பீக்கோ டிரெயில் பாருங்க. ஹந்தானையில தொடங்கி நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல, 22 கட்டம். வெள்ளக்காரன் காலத்துத் தேயிலைப் பாதைகள்தான் முக்கால்வாசி. வெளிநாட்டுக்காரன் தேடி வந்து நடக்கிற பாதையில, இங்கயே பொறந்த நாம சைக்கிள் விடக் கூடாதா?

நோர்வூட் மகள்:
ரெண்டு அண்ணன்மாரும் தோட்டத்து ரோடு சும்மா கிடக்கிற மாதிரிப் பேசுறீங்க. அந்த ரோடு எங்க லயத்து வாசல், நாங்க இருக்கிற வரிசை வீடுகளோட வாசல். பிள்ளைங்க விளையாடுற இடமும் அதுதான், பீலியில தண்ணி எடுத்துட்டு வர்ற வழியும் அதுதான். கொழுந்து கூடின காலத்துல ஞாயித்துக்கிழமையும் கைக்காசுக்கு, அதாவது எடுத்த கிலோவுக்குக் காசுன்னு, கொழுந்து எடுக்கிறாங்க. நிறுவைக்கு நேரமாச்சுன்னு எங்க அம்மா தலையில சாக்கோட இறக்கத்துல வேகமா வருவாங்க. அந்தப் பாரத்தோட சட்டுன்னு திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால சத்தமில்லாம சைக்கிள் வந்தா ஒதுங்கத் தெரியாம கானுக்குள்ளதான் காலு போகும்.

போன மாசம் ஒரு கூட்டம் ஹெல்மெட்டுல கெமராவோட வந்தாங்க. மலையில நிக்கிற பொம்பளைங்கள ஒரு வார்த்தை கேக்காம படம் எடுத்தாங்க. கொழுந்து எடுக்கிறது வேலை. காட்சி இல்ல.

ரோடு ஏன் கல்லாக் கிடக்குன்னும் யோசிங்க. 2018ல பிரதேச சபைச் சட்டத்தத் திருத்துற வரைக்கும் தோட்டத்துக்குள்ள சபைக் காசு செலவழிக்கிறதே கஷ்டம். திருத்தினதுக்கு அப்புறமும் எங்க ரோட்டுல பிரசவ வலி வந்த பொம்பளைய ஆட்டோவுல குலுக்கிக்கிட்டுத்தான் கொண்டு போறோம். உங்களுக்கு அது சாகசம்.

ராகலை டயர்:
இறக்கத்தப் பத்தி மட்டும் சொல்றேன். ரிம் பிரேக்க விடாமப் பிடிச்சுக்கிட்டே ரம்பொடை இறங்காதீங்க. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். முடக்குக்கு முன்னாலயே நல்லாப் பிடிச்சு வேகத்தக் குறைங்க, அப்புறம் விட்ருங்க. மழையில ரிம் நனைஞ்சிருந்தா பிரேக் பிடிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். டிஸ்க் பிரேக்கும் நீண்ட இறக்கத்துல சூடாகும்.

கம்பளை மிதிகாரன்:
தங்கச்சி சொன்னதுதான் நான் சொல்ல வந்ததுக்கும் பலம். அடுத்தவங்க வாசல்ல போய் விளையாடுறதவிட, எல்லாருக்கும் பொதுவான ரோட்டுல உரிமையோட போறது மேல்.

நோர்வூட் மகள்:
வராதீங்கன்னு நான் சொல்லல அண்ணே. என் தம்பியும் சைக்கிள் பைத்தியம்தான். காசல்ரீ நீர்த்தேக்கத்தச் சுத்தி அவன் போகாத ரோடு இல்ல. லயத்துப் பக்கம் வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. மணி அடிங்க. கொழுந்து நிறுக்கிற நேரம் அந்தப் பக்கம் வராதீங்க. படம் வேணும்னா கேளுங்க. எங்க தோட்டத்துக் கடையில ரொட்டி வாங்கிச் சாப்பிடுங்க. அப்புறம் அந்த ரோட்டப் பத்திப் பிரதேச சபைக்கு நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்க. நாங்க எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு.

தலவாக்கலை ரைடர்:
கடிதம் நான் எழுதுறேன் தங்கச்சி. எந்த ரோடு, எத்தனை கிலோமீட்டர், எந்த மதகு உடைஞ்சிருக்குன்னு சொல்லுங்க, படத்தோட சேர்த்து அனுப்பலாம். நீங்க சொன்னது எல்லாத்துக்கும் சம்மதம். ஆனா அண்ணே, ஏ5க்கு நான் வரமாட்டேன்.

கம்பளை மிதிகாரன்:
நான் வருவேன். விடிய அஞ்சரைக்குக் கம்பளையில கிளம்பினா, பஸ் நெரிசல் கூடுறதுக்குள்ள பாதி ஏத்தம் முடிஞ்சிடும். பின்னால சிவப்பு லைட் எரியணும், மூடுபனி இறங்கினா ரோட்ட விட்டு இறங்கி நிக்கணும். வர்றவங்க பேர் போடுங்க.