புதுப்பிப்பு: அப்பாவிடம் பேசிவிட்டேன்

மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தேன். பத்தாம் வகுப்பில் 500க்கு 431. நான் கேட்டது காமர்ஸ், வீட்டில் நீட் எழுதவைக்க பயாலஜி குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் எல்லார் முன்னாலும் "உன் அக்கா இப்படியா படிச்சா?" என்று கேட்டதிலிருந்து யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்றும் சொல்லியிருந்தேன்.

பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417க்குப் பேசச் சொன்னீர்கள். பேசினேன். "இதை அப்பா அம்மாகிட்ட சொல்லியிருக்கியா?" என்று கேட்டார்கள். சொன்னதில்லை. அழுதிருக்கிறேன், கதவைச் சாத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அப்பா வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். திட்டவில்லை. ரொம்ப நேரம் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். "நான் டிப்ளமோவோட நின்னுட்டேன்மா, நீயாவது..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். என் கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதி இன்னும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். காமர்ஸில் இடம் இருந்தது, மாறிவிட்டேன். அக்கௌண்டன்சி மிஸ் இதுவரை நடத்திய பாடங்களின் நோட்டைக் கொடுத்து, "மெதுவா எழுதிக்கோம்மா, அவசரமில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் பாடத்தில் நன்றாக எழுத வேண்டும் போல இருக்கிறது. கெமிஸ்ட்ரி டீச்சரை வராந்தாவில் பார்த்தால் மட்டும் இன்னும் வயிறு கலங்குகிறது.

அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை. அப்புறம், அக்காவுக்கு இது எதுவுமே தெரியாது. சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வருகிறாள், சொல்ல வேண்டும்.