மனிதன் விலங்கா? எங்கள் தெருக் குழுவில் நடந்த உரையாடல்

அமுதா, மாலை 6:42
அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கட்டுரைப் போட்டிக்காக ‘விலங்கு என்பது என்ன?’ என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். உயிரியல் பாடநூல் மனிதனை விலங்குலகத்தில்தான் சேர்த்திருக்கிறது. அவளுடைய பாட்டியோ, ஆறறிவு படைத்தவனை விலங்கு என்று எழுதக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார். சண்முகம் ஐயாவும் மேரி டீச்சரும் ஒரு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும்.

சண்முகம் ஐயா, 6:58
பாட்டி சொல்வதற்குத் தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயலில் ஆதாரம் இருக்கிறது, அம்மா. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர். நத்தையும் கிளிஞ்சலும் சுவையும் சேர்ந்த ஈரறிவு. கறையானும் எறும்பும் மோப்பத்தோடு மூவறிவு. நண்டும் தும்பியும் பார்வையோடு நாலறிவு. செவியும் வாய்த்தவை ஐயறிவு. மனமும் உடைய மக்கள் ஆறறிவு. மேடையில் பேசுவோர் அனைவருக்கும் இவ்வளவும் மனப்பாடம். ஆனால் இளம்பூரணர் உரையோடு படித்தால், மக்களைச் சொன்ன கையோடு ‘ஒருசார் விலங்கும் உளவென மொழிப’ என்று ஒரு நூற்பா வருகிறது. விலங்குகளிலும் ஒரு சாராருக்கு ஆறாவது அறிவு உண்டு என்பது அதன் பொருள். கிளி, குரங்கு, யானை என்று உரையாசிரியர் எடுத்துக்காட்டும் தருகிறார். பட்டிமன்றத்தில் எவரும் இந்த அடியைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் அவர்களுடைய வாதம் பாதியிலேயே நின்றுவிடும்.

கோபாலன் மாமா, 7:05
யானைக்கு அறிவு உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை, சண்முகம். ஆனால் புல்லாய், பூடாய், புழுவாய்ப் பிறந்து இளைத்த உயிர், கடைசியில் மனிதப் பிறவியில்தானே வீடுபேற்றைத் தேட முடியும்? அந்த வேறுபாட்டைப் பாடநூல் ஒரே வரியில் அழித்துவிட்டால் எப்படி?

சண்முகம் ஐயா, 7:11
திருவானைக்காவில் சிலந்தியும் யானையும் சிவனைப் பூசித்தனவே, மாமா. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட்சோழனாகப் பிறந்தது என்கிறது புராணம். அது மறுபிறவி எடுத்தது என்று நீங்கள் சொல்லலாம். மதுரையில் நாரைக்கு முத்தி கொடுத்த திருவிளையாடலுக்கு என்ன சொல்வீர்கள்? அந்த நாரை மனிதனாகப் பிறந்துவிட்டு வரவில்லை. சமணர்களின் தத்வார்த்த சூத்திரத்திலும் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொரு புலனாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு என்ற கணக்கு அப்படியே தொல்காப்பியத்தோடு பொருந்துகிறது. அங்கே மனிதன் ஐம்புலன் வரிசையில் மாட்டோடும் குதிரையோடும் சேர்ந்தே நிற்கிறான்.

மேரி டீச்சர், 7:24
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். பல செல்களால் ஆனது, அந்தச் செல்களுக்குச் சுவர் இல்லாதது, உணவைத் தானே தயாரிக்காமல் பிறவற்றை உண்டு வாழ்வது, கருவாக இருக்கும்போது பிளாஸ்டுலா என்னும் செல் உருண்டை நிலையைக் கடந்து வருவது: இவை பொருந்தினால் உயிரியல் அதை விலங்கு என்கிறது. அறிவு, மூளை, நரம்பு, நடமாட்டம் ஆகிய எதுவும் நிபந்தனையில் இல்லை என்பதைப் பிள்ளை கவனிக்க வேண்டும். கடற்பஞ்சுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை, நரம்பும் இல்லை; வளர்ந்தபின் பாறையில் ஒட்டிக்கொண்டு, உடம்பெங்கும் உள்ள துளைகளின் வழியே கடல்நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணிய இரையை வடிகட்டித் தின்கிறது. 1907ஆம் ஆண்டில் வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் கடற்பஞ்சைத் துணியில் இட்டுத் தனித்தனிச் செல்களாகப் பிழிந்து பார்த்தார்; சிதறிய செல்கள் ஊர்ந்து வந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மறுபடியும் கடற்பஞ்சாகவே வளர்ந்தன. அதுவும் விலங்குதான்.

அமுதா, 7:29
அப்படியானால் எறும்புக்கு மூன்றறிவு என்று அவள் எழுதினால் மதிப்பெண் போய்விடுமா, டீச்சர்?

மேரி டீச்சர், 7:37
அது யார் சொன்னது என்று குறிப்பிட்டு எழுதினால் போகாது. பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு. நத்தைக்கும் உண்டு, மழை விட்டதும் உங்கள் மதில்மேல் ஊர்கிற நத்தையைப் பிள்ளையிடம் காட்டுங்கள். நீளமான இரண்டு கொம்புகளின் நுனியிலும் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளி தெரியும், அதுதான் கண். விரல் பட்டால் சட்டைக் கையை உட்புறமாக இழுத்துக்கொள்வதுபோல அந்தக் கொம்பு தனக்குள்ளேயே சுருண்டுவிடும். புலன்களின் எண்ணிக்கையில் பழையவர்கள் சில இடங்களில் பிசகியிருந்தாலும், ஓர் உயிர் உலகத்தை எவ்வளவு உணர்கிறது என்று அவர்கள் கேட்ட கேள்வி சிறியதல்ல. பாடநூல் கேட்பது வேறு கேள்வி: எந்த உயிர் எதற்கு உறவு? மனிதன் விலங்கு என்னும்போது வம்சாவளியைத்தான் சொல்கிறோம்; அவனுக்கு மனம் இல்லை என்று சொல்லவில்லை. பாட்டியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று: 1758இல், உயிர்களை வகைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் மனிதனைக் குரங்குகளோடு ஒரே வரிசையில் வைத்தபோது டார்வின் பிறக்கவே இல்லை, லின்னேயஸ் கடவுள் நம்பிக்கை உள்ளவர். அதே வரிசையில் வௌவாலையும் சேர்த்திருந்தார் என்பது வேடிக்கை. பிற்காலத்தில் வௌவாலை எடுத்துவிட்டார்கள், மனிதனை எடுக்கவில்லை.

ரஹீம் பாய், 7:44
குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்தில், பூமியில் நடமாடும் உயிர்களும் சிறகால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று வருகிறது. எறும்பின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சுலைமான் நபியின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, மிதிபடாமல் புற்றுக்குள் போய்விடுங்கள் என்று தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. மனிதனுக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்பதே எங்கள் நம்பிக்கை. அதற்காக மற்றவற்றை வெறும் பொருளாக எண்ண இடமில்லை.

வக்கீல் பாஸ்கர், 8:02
சட்டம் மாமாவின் கட்சி. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, மனிதர் தவிர்த்த எந்த உயிரினமும் விலங்கே. அந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் வேப்பமரமும் அதற்குள் வந்துவிடும். அப்படி ஒருவர் வாதாடினால் வேடிக்கை பார்க்க நான் முதல் வரிசையில் உட்காருவேன். பிரிட்டனில் 2022இல் இயற்றிய விலங்குநலச் சட்டம், உணர்வுள்ள உயிர்களின் கணக்கில் முதுகெலும்பிகளோடு நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறது.

கோபாலன் மாமா, 8:06
அப்படியானால் அங்கே நண்டை உயிரோடு கொதிநீரில் போடக் கூடாதா, பாஸ்கர்?

வக்கீல் பாஸ்கர், 8:09
அந்தச் சட்டம் அதைத் தடை செய்யவில்லை, மாமா. அரசு ஒரு கொள்கையை வகுக்கும்போது அந்த உயிர்களின் நலனைக் கருதியதா என்று ஆராய்ந்து அறிக்கை தர ஒரு குழுவை அமைத்திருக்கிறது. அறிக்கைக்கு அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அடுப்பங்கரை வரை அது வரவில்லை.

அமுதா, 8:15
நண்டைப் பற்றியும் எழுதப் போகிறாள். பாட்டி அந்த நூற்பாவைத் தம் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஐயா, உங்கள் வீட்டிலிருக்கும் உரைநூலை நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாமா?

சண்முகம் ஐயா, 8:17
தாராளமாக வாருங்கள், அம்மா. மரபியல் பக்கத்தில் அடையாளத் தாள் வைத்துக் கொடுக்கிறேன்.