ஊரில் அனர்த்த ஒருங்கிணைப்பு நிலையம் போடுவது எப்படி?

வெருகல்_தம்பி:
மகாவலி வெள்ளம் வடியத் தொடங்கிவிட்டது. ஊரில் பாதிப்பேர் பாடசாலையில், மீதிப்பேர் சொந்தக்காரர் வீடுகளில். சாமான் வாகனங்கள் வருகின்றன. ஆனால் ஒரே வீட்டுக்கு மூன்று தரம் கிடைக்கிறது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே போகவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கமும் இளைஞர் கழகமும் சேர்ந்து ஒரு நிலையம் போட யோசிக்கிறோம். பாடசாலையிலேயே போடலாமா? என்னென்ன வேண்டும்?

கொட்டியாரக்குடா:
தம்பி, பாடசாலை வேண்டாம். அங்கே சனம் படுத்து எழும்புகிறது, இரவெல்லாம் போன் அடித்தால் யார் நித்திரை கொள்வது? மேட்டில் வாசிகசாலை இருந்தால் போதும். ஆனால் சாமானை அங்கே இறக்க விடாதீர்கள். 2004 சுனாமி நேரம் நான் வேலை செய்த இடத்தில் அரிசி மூட்டையும் பழைய உடுப்பும் வாசலையே மறைத்துவிட்டன. பிள்ளையைத் தேடி வந்தவர்களுக்கு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. களஞ்சியத்தை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

நிலையத்துக்கு முதலில் வேண்டியது ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி. நேரம், யார் சொன்னது, என்ன தேவை, யார் பொறுப்பெடுத்தது, முடிந்ததா. உங்கள் மூன்று தரப் பிரச்சினை கடைசி இரண்டு கட்டங்களில்தான் பிடிபடும். அவற்றைத்தான் எல்லோரும் வெறுமையாக விடுவார்கள். சுவரில் ஊர் வரைபடம் கீறுங்கள்: பாலம், வாய்க்கால், மேடு, உழவு இயந்திரம் நிற்கும் வீடு, வள்ளம் உள்ள வீடு. கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள் விபரம் சுவரில் வேண்டாம், கொப்பியில் இருக்கட்டும்.

ஜி.எஸ். (கிராம சேவகர்) எடுக்கும் பட்டியலுக்குப் போட்டியாக நீங்கள் ஒன்று எடுக்காதீர்கள். அதில் விடுபடுவது பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டில் இருப்பவர்கள்தான். அவர்களைத் தேடி எழுதி அவரிடம் கொடுங்கள். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, மாவட்டத்திலும் அதற்குப் பிரிவு உண்டு, அவசர இலக்கம் 117. அவர்களுக்குப் பத்துப் பேர் பத்து விதமாக எடுக்காமல், ஒருவர் ஒரே நேரத்தில் நிலவரம் சொன்னால் பதில் வரும்.

வடிகிறது என்று நம்பி இருக்கவும் வேண்டாம். மலைநாட்டில் பெய்த மழை இங்கே வரக் காலம் எடுக்கும். மகாவலியில் எங்களுக்கு மேலே இருக்கிற மனம்பிட்டியின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும், அதைக் காலையும் மாலையும் கொப்பியில் எழுதுங்கள்.

உப்புவெளி_அக்கா:
அண்ணா சொன்னது சரி, ஒன்றை விட்டுவிட்டார். மேசையில் ஆம்பிளைகள் மட்டும் இருந்தால் நாப்கின் வேண்டும் என்று எந்தப் பிள்ளை வந்து கேட்கும்? மாதர் சங்கத்தில் ஒருவர் எப்போதும் இருக்கட்டும். சிங்களம் நன்றாகக் கதைக்கும் ஒருவரும் வேண்டும். கடற்படைப் படகு வந்தால் எந்த ஒழுங்கையில் யார் நிற்கிறார்கள் என்று விளங்கப்படுத்த வேண்டாமா?

வெருகல்_தம்பி:
நன்றி அக்கா, அண்ணா. கரண்ட் இல்லை, சிக்னல் வந்து வந்து போகிறது. அதற்கு என்ன செய்வது?

கொட்டியாரக்குடா:
போன்களை உழவு இயந்திர பற்றரியில் சார்ஜ் போடலாம். சிக்னல் இல்லாவிட்டால் சைக்கிளில் இரண்டு பெடியன்கள், கையில் துண்டுக் கடிதம். வாயால் சொல்லி அனுப்ப வேண்டாம், போய்ச் சேரும்போது வேறு கதையாக இருக்கும்.