கோவையிலிருந்து நியூயார்க்: தொலைவு எவ்வளவு, உண்மையான பயண நேரம் எவ்வளவு?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)

எழுபத்தொரு வயதான எங்கள் அம்மாயி, வருகிற ஜனவரியில் நியூயார்க்கில் உள்ள சித்தியின் வீட்டுக்குத் தனியாகச் செல்லவிருக்கிறார். அபுதாபி வழியாக முகவர் எழுதிக் கொடுத்த குறிப்பில், அதிகாலை 4 மணிக்குக் கோவையில் புறப்பட்டு அன்று மாலை 5 மணிக்கே நியூயார்க்கில் இறங்குவதாக உள்ளது. அவ்வளவு தூரத்தை 13 மணி நேரத்தில் கடக்க முடியுமா? கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும், அங்கிருந்து நியூயார்க்குக்கும் நேரடி விமானங்கள் இருப்பதால் அதுவே எளிய வழி என்கிறார் மாமா. எது சரி என்று விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (பீளமேடு)

தம்பி, அந்த இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி எழுதப்பட்டவை. ஜனவரியில் நியூயார்க் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அது ஒன்பதரையாகக் குறையும். ஆகவே 13 மணியுடன் பத்தரையைக் கூட்டினால் வரும் இருபத்து மூன்றரை மணி நேரமே உங்கள் அம்மாயியின் உடல் உணரப்போகும் பயணம். இதில் அபுதாபி வரை சுமார் 4 மணி நேரமும், அங்கிருந்து நியூயார்க்குக்குச் சுமார் 14 மணி நேரமும் வானில் கழியும். குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வலுவாக வீசும் காற்றை எதிர்த்துப் பறப்பதால் போகும்போது நேரம் கூடும். திரும்பும்போது அதே காற்று விமானத்தை முன்தள்ளும்.

பதில் (ஈரோடு)

பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்பதால் சிங்கப்பூர் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தட்டையான வரைபடத்தை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. உலக உருண்டையில் கோவைக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ஆப்கானிஸ்தான், மாஸ்கோவின் அருகாமை, நார்வே, ஐஸ்லாந்து என்று வடக்கே வளைந்து செல்லும். அதன் நீளம் சுமார் 13,500 கிலோமீட்டர். அபுதாபி வழியாகச் சென்றால் 2,800, 11,000 ஆக மொத்தம் ஏறத்தாழ 13,800 கிலோமீட்டர்தான். 300 கிலோமீட்டர் கூடுதல் என்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு. சிங்கப்பூரோ எதிர்த்திசையில் உள்ளது. அங்கு சேர 3,160 கிலோமீட்டர், அதன்பின் உலகின் மிக நீண்ட விமானச் சேவையான 15,350 கிலோமீட்டர். அந்த இரண்டாம் பயணத்தில் மட்டும் 18 மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். எழுபது கடந்தவரை அந்த வழியில் அனுப்பாதீர்கள்.

பதில் (திருப்பூர்)

என் மாமியாரை அபுதாபி வழியாகவே அழைத்துச் சென்றேன். அங்கே எஞ்சும் ஐந்தரை மணி நேரத்தை வீண் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை அபுதாபி விமான நிலையத்திலேயே முடித்துவிடுகிறார்கள். அதனால் நியூயார்க்கில் இறங்கும்போது, களைத்த நிலையில் மீண்டும் வரிசையில் நிற்காமல், பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருக்கின்றனவா என்று முகவரிடம் கட்டாயம் கேளுங்கள். சக்கர நாற்காலியையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நடக்க முடிந்தவராக இருந்தாலும் கேளுங்கள், ஏனெனில் அதைத் தள்ளி வரும் பணியாளரே ஒவ்வொரு சோதனை இடத்துக்கும் சரியாக அழைத்துச் சென்றுவிடுவார். சித்தியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு வைத்து அனுப்புங்கள்.