ஃபால்கன்ஸின் டிராஃப்ட் தேர்வுகள்: கல்லூரி ஆட்டங்களைப் பார்ப்பவர்களின் கருத்து தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் ரசிகனான எனக்கு, 2025 டிராஃப்டின் (அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின்) முதல் சுற்று மகிழ்ச்சியையும் கவலையையும் ஒருசேரத் தந்திருக்கிறது. 15ஆவது தேர்வாக ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜேலன் வாக்கரை எடுத்ததில் எனக்கு முழு நிறைவு. எதிரணி குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை) நெருக்க ஆளில்லாமல் தவித்த நமக்கு அவர் அவசியம். ஆனால் அதே இரவில் 26ஆவது இடத்துக்கு முன்னேறி டென்னசியின் ஜேம்ஸ் பியர்ஸை எடுப்பதற்காக, 2026ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தது மனத்தை உறுத்துகிறது. 40 கெஜத்தை 4.47 விநாடியில் கடந்த அவருடைய வேகம் அபாரமானது என்பதில் ஐயமில்லை. எனினும் 2017 பருவத்துக்குப் பிறகு பிளே-ஆஃப் வாசலையே மிதிக்காத அணி மீண்டும் சறுக்கினால், பின்தங்கிய அணிக்கே முன்னதாகத் தேர்வு கிடைக்கும் என்பதால், ராம்ஸின் கைக்குப் போகும் அந்தத் தேர்வு எவ்வளவு முன்வரிசையில் அமையும் என்று நினைத்தாலே பதற்றமாக இருக்கிறது.

பியர்ஸின் கல்லூரி ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள், பந்தோடு ஓடிவருபவரைத் தடுப்பதில் அவர் எப்படி என்று சொல்லுங்கள். ஜார்ஜியாவில் தடுப்பு வரிசையின் நடுவிலும் விளிம்பிலும் மாறி மாறி ஆடிய வாக்கரை விளிம்பில் மட்டுமே நிறுத்துவது சரியாக இருக்குமா என்பதையும், பார்க்க வேண்டிய முழு ஆட்டங்கள் எவை என்பதையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.