நினைவு இசைவிழா டிக்கெட்டை மறுபடி விற்றால் போட்ட பணம் திரும்புமா?

அரசலாறு (மயிலாடுதுறை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மறைந்த பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களின் நினைவு நாளையொட்டித் தஞ்சாவூரில் திறந்தவெளித் திடலில் நடைபெறவிருக்கும் ஓர் இசைவிழாவுக்குக் குடும்பத்தார் அனைவருக்குமாக எட்டு டிக்கெட்டுகள் வாங்கியிருந்தோம். அவற்றில் நான்கு 499 ரூபாய்ப் பிரிவு, நான்கு 1,500 ரூபாய்ப் பிரிவு. பெங்களூரிலிருந்து வரவேண்டிய என் தம்பி குடும்பத்தாருக்கு விடுப்பு கிடைக்காததால், விலை கூடிய நான்கும் மிச்சமாகின்றன.

அவற்றை இப்போதே விற்றுவிடலாம் என்பது என் எண்ணம். என் மைத்துனரோ, "எஸ்.பி.பி.யின் பெயருக்கு இந்தப் பக்கம் இருக்கும் மதிப்புக்கு, விழா நெருங்க நெருங்க இரட்டிப்பு விலைக்குப் போகும், விற்காதீர்கள், இன்னும் பத்து வாங்கிப் போடுங்கள்" என்கிறார். இத்தகைய நினைவு விழா டிக்கெட்டுகளுக்கு மறுவிற்பனையில் என்ன விலை கிடைக்கும் என்பதை எவற்றைக் கொண்டு கணிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடந்தை ரசிகர் எழுதியது:

ஐயா, பத்து டிக்கெட் யோசனையை முதலில் கைவிட்டுவிடுங்கள். விழா யாருடைய பெயரில் நடக்கிறது என்பது கூட்டத்தைச் சேர்க்கும். ஆனால் டிக்கெட்டின் மறுவிலையை அது உயர்த்துவதில்லை. மேடையில் யார் நிற்கிறார், அவரை வேறொரு நாளில் வேறோர் ஊரில் பார்க்க முடியாதா என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைதான் மறுவிலையைத் தீர்மானிக்கிறது. நினைவு விழாவில் யாருக்காகக் கூட்டம் வருகிறதோ அவர் மேடைக்கு வரப் போவதில்லை. அவருடைய பாடல்களை இன்றைக்குத் தஞ்சையில் பாடும் குழு நாளைக்குத் திருச்சியிலும் பாடலாம், அடுத்த ஆண்டும் பாடலாம். எஸ்.பி.பி. மறைந்தது 2020 செப்டம்பர் 25. அந்த நாள் புரட்டாசியில் வருகிறது. புரட்டாசியில் திருமணங்கள் குறைவு என்பதால் மெல்லிசைக் குழுக்களுக்கு வரவேற்பு நிகழ்ச்சிகளும் குறைவு. ஆகையால் அந்த மாதத்தில் நினைவு நிகழ்ச்சிகள் ஊருக்கு ஊர் முளைக்கின்றன. அதைத் தவறவிட்டவர்களுக்கு ஜூன் 4 அன்று பிறந்தநாள் நிகழ்ச்சி வந்துவிடுகிறது. பொருள் இத்தனை தாராளமாகக் கிடைக்கும்போது இரட்டிப்பு விலையை யார் கொடுப்பார்?

நம் பகுதிக்கே உரிய காரணம் இன்னொன்றும் உண்டு. நினைவு இசைவிழா என்றால் இங்குள்ளவர்களின் மனத்தில் முதலில் வருவது திருவையாறுதான். 1847இல் மறைந்த தியாகராஜ சுவாமிகளுக்கு ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று காவிரிக்கரையில் நடக்கும் ஆராதனையில், பெயர்பெற்ற வித்வான்கள் ஒரே பந்தலில் கூடி அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். கேட்க வருபவரிடம் யாரும் கட்டணம் கேட்பதில்லை. பெரிய கோயிலில் ஐப்பசிச் சதய விழா நடந்தாலும் கோயில்தோறும் உற்சவக் கச்சேரிகள் நடந்தாலும் இதே வழக்கம்தான். தலைமுறை தலைமுறையாகக் காசு கொடுக்காமல் தரையில் அமர்ந்து நல்ல சங்கீதம் கேட்டுப் பழகிய ஊரில், 1,500 ரூபாய் கொடுத்து நாற்காலியில் உட்கார விரும்புபவர்களின் வட்டம் சிறியது. அந்த வட்டத்தில் இருப்பவர்கள் அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே வாங்கி முடித்துவிடுகிறார்கள். (ஆராதனை சமயத்தில் விலை ஏறுவது ஒன்று உண்டென்றால், அது தஞ்சாவூர் லாட்ஜ் அறை வாடகைதான்.)

வெண்ணாற்றங்கரை எழுதியது:

விழாக்களில் இருக்கை ஒழுங்கு செய்யும் தன்னார்வலராக இருந்திருக்கிறேன் என்பதால் சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

499 என்ற விலை ஏன் வைக்கப்படுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இசை நிகழ்ச்சிக்கான நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி கிடையாது. தாண்டினால் 18 சதவீதம். உங்கள் 1,500 ரூபாய் டிக்கெட்டுக்கு வரி தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அடக்க விலை 1,770 ரூபாய் ஆகிறது. முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம் இதற்கும் மேல். ஆனால் உங்களிடம் வாங்க வருபவர் சுவரொட்டியில் கண்ட 1,500 ரூபாயை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேரம் தொடங்குவார். ஆகவே, அச்சிட்ட விலைக்கே விற்றாலும் உங்களுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 270 ரூபாயும் சேவைக் கட்டணமும் நட்டம். முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாமல்தான் காத்திருக்கிறார்கள்.

அடுத்தது பாஸ் விவகாரம். நம் பக்கத்து விழாக்கள் நடப்பது நகைக்கடை, ஜவுளிக்கடை, மருத்துவமனை போன்ற விளம்பரதாரர்களின் பணத்தில்; பணம் கொடுத்தவர்களுக்கு முன்வரிசைப் பாஸ்கள் கட்டுக்கட்டாகப் போகின்றன. விழாவுக்கு மூன்று நான்கு நாட்கள் இருக்கும்போது, அந்தப் பாஸ்களில் பயன்படாதவை ஊழியர்கள், உறவினர்கள், வாடிக்கையாளர்கள் வழியாக வாட்ஸ்அப் குழுக்களில் இறங்கத் தொடங்குகின்றன. சும்மா வந்த பாஸை ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுப்பவருக்கு அது முழு லாபம். அவரோடு நீங்கள் விலையில் போட்டியிட முடியாது. எனவே சுவரொட்டியின் அடிப்பகுதியை ஒருமுறை பாருங்கள். அங்கே விளம்பரதாரர்களின் சின்னங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ, அவ்வளவு விரைவாக விற்றுவிடுவது நல்லது.

உங்கள் டிக்கெட்டில் இருக்கை எண் உண்டா அல்லது பிரிவு மட்டும்தானா என்பதையும் சொல்லவில்லை. எண் இல்லாமல் வெறும் பிரிவாக இருந்தால், முதலில் வந்தவர் முன்னே உட்காருவார். 2023 செப்டம்பரில் சென்னைக்கு அருகே நடந்த ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்த பலர் நெரிசலால் உள்ளே நுழைய முடியாமல் திரும்பிய பிறகு, எண்ணில்லாத டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க மக்கள் தயங்குகிறார்கள்.

உறையூர் வாசகர் எழுதியது:

மேலே எழுதியவர்களோடு பெருமளவு உடன்படுகிறேன் என்றாலும், நினைவு விழா என்றாலே விலை ஏறாது என்று பொதுவாகச் சொல்லிவிடுவதை ஏற்க இயலவில்லை. மறைந்தவரோடு பல ஆண்டுகள் இணைந்து பாடிய மூத்த பாடகர் ஒருவர், முழு வாத்தியக் குழுவோடு, எண்ணிட்ட இருக்கைகள் கொண்ட குளிரூட்டப்பட்ட அரங்கத்தில் பாடும்போது முன்வரிசை இருக்கைகள் அடக்க விலைக்கு மேலும் கைமாறுவதுண்டு. அதே விழா டிராக் ஓடவிட்டுப் பாடும் கரோக்கி நிகழ்ச்சியாக இருந்தால் பாதி விலைக்குக் கூட ஆள் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் சுவரொட்டியில் ஒரே புகைப்படம்தான் இருக்கும். வேறுபாடு வாத்தியக் குழுவின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதில்தான் தெரியும்.

பாடல் உரிமையையும் கவனிக்க வேண்டும். பாடகரின் பெயரில் விழா நடந்தாலும் பாடல்களின் உரிமை வேறிடத்தில் இருக்கிறது. 2017இல் எஸ்.பி.பி.யே தமது ஐம்பதாண்டு இசைப்பயண நிகழ்ச்சிகளின் நடுவே, இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்ததையடுத்து, அவருடைய பாடல்களை இனி அந்த மேடைகளில் பாடப் போவதில்லை என்று அறிவிக்க நேர்ந்தது. எந்தப் பாடல்கள் இடம்பெறும் என்பதில் இப்படி ஒரு குழப்பம் கிளம்பினால் வாங்க வந்தவரும் பின்வாங்கிவிடுவார்.

மைத்துனர் ஒருவேளை 2024 செப்டம்பரில், கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை குறிக்கப்பட்ட செய்தியைப் படித்திருக்கலாம். குறித்த விலை வேறு, விற்ற விலை வேறு என்பதை அவருக்குச் சொல்லுங்கள். யார் வேண்டுமானாலும் எந்த விலையையும் குறிக்கலாம். அங்கே குழுவே நேரில் வந்தது. அப்படியிருந்தும் அகமதாபாதில் கூடுதல் நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டதால் ரசிகர்களுக்கு இன்னொரு வழி திறந்தது.

அரசலாறு எழுதியது:

மூவருக்கும் நன்றி. டிக்கெட்டில் இருக்கை எண் இல்லை, பிரிவின் பெயர் மட்டுமே உள்ளது. சுவரொட்டியில் "மாபெரும் மெல்லிசை விருந்து" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். குழுவின் பெயரைக் காணவில்லை. விளம்பரதாரர்களின் சின்னங்கள் இரண்டு வரிசை நிறைய இருக்கின்றன. மைத்துனரிடம் காட்டினேன், இன்னும் பத்து வாங்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை. இப்போதே விற்பதானால் எந்த விலை கேட்பது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நான்கையும் சேர்த்து ஒரே குடும்பத்துக்கு, ஒன்று 1,300 என்று சொல்லிப் பாருங்கள். நான்கு பேர் ஒரே பிரிவில் சேர்ந்து போகலாம் என்பதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே அனுகூலம். பிரித்து விற்றால் கடைசி ஒன்று கையிலேயே தங்கிவிடும். வாங்கிய விலைக்கு மேல் விற்பதை முன்பதிவுத் தளத்தின் நிபந்தனைகள் தடை செய்யக்கூடும் என்பதால், அதற்குக் கீழே நிற்பது உங்களுக்கும் பாதுகாப்பு. பணம் வருவதற்கு முன் கியூஆர் குறியீட்டின் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். வாசலில் முதலில் ஸ்கேன் ஆனவர்தான் உள்ளே போவார். மழையால் விழா தள்ளிப்போனால் டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லுமா, பணம் திரும்புமா என்பதை நிபந்தனைகளில் படித்து, வாங்குபவருக்கும் அதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். திரும்பும் தொகை முன்பதிவு செய்தவரின் கணக்குக்குத்தான் வரும். அதை வாங்குபவருக்கு அனுப்புவீர்கள் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.