மைனஸ் 127 காட்டிய இரவு: மீன் தொட்டிக்குச் சொந்தமாக கன்ட்ரோலர் செய்த அனுபவங்கள்

தொட்டியின் ஹீட்டர், ஃபேன், தீனிப் பெட்டி போன்றவற்றைத் தானாக இயக்கும் கருவிதான் கன்ட்ரோலர். அதைச் சொந்தமாகச் செய்த சென்னை மீன் வளர்ப்பாளர்கள் மூவர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை இவை.

திருவான்மியூரிலிருந்து:

தை மாதத்தில் ஒரு விடியற்காலை. ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தால், ஹாலில் இருக்கும் மூன்றடித் தொட்டியில் நான்கு டிஸ்கஸ் மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் கை வைத்தேன், வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த பழைய தெர்மாமீட்டரில் 34 டிகிரி. நான் செய்த கன்ட்ரோலரின் சின்னத் திரையில் மைனஸ் 127.

அந்த எண்ணைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நீரின் வெப்பம் அளக்க நம்மில் பெரும்பாலோர் வாங்குவது டிஎஸ்18பி20, எஃகு உறைக்குள் வரும் சென்சார். மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். அதன் ஒயர் விட்டுப்போனால், அதைப் படிக்க நம் நிரலில் சேர்க்கும் லைப்ரரி (முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பு) ‘சென்சார் இல்லை’ என்று நின்றுவிடாது, மைனஸ் 127 என்ற எண்ணைத் திருப்பித் தரும். மின்சாரம் வந்ததும் அளந்து முடிக்கும் முன்பே படித்தால் 85 வரும். இரண்டும் வெப்பநிலையே அல்ல. என் நிரலில் இருந்தது ஒரே ஒரு வரி: 28-க்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடு. மைனஸ் 127-உம் 28-க்குக் கீழேதானே? இரவு முழுக்க 300 வாட் ஹீட்டர் ஓடியிருக்கிறது.

ஹீட்டருக்குள்ளேயே ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. கன்ட்ரோலர்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அதைக் கடைசிவரை திருகி 34-இல் வைத்திருந்தேன். 30-இல் விட்டிருந்தால் அன்று எல்லா மீனும் பிழைத்திருக்கும். இன்றும் எனக்கு உறுத்துவது இதுதான். ஏற்கெனவே இருந்த ஒரு காவலை என் கையாலேயே எடுத்துவிட்டேன்.

சூட்டோடு மூச்சுத் திணறலும் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடும், நீரில் இருப்போ குறையும். ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு ஏர் பம்பை முழு வேகத்தில் வைத்தேன், டேபிள் ஃபேனை நீரின் மேல் திருப்பினேன். ஐஸ் போடவில்லை, சட்டென்று குளிர்ந்தால் அது இன்னொரு அடி. இரண்டு மீன்கள் தேறின. மற்ற இரண்டும் மதியத்துக்குள் போய்விட்டன. மூன்று வருடம் வளர்த்தவை. என் மகள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

ஒயர் ஏன் விட்டது என்று அப்புறம் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம்தான். சால்டர் இல்லாமல் செருகி இணைக்கும் ஜம்பர் ஒயரின் முனையில் பச்சையாகத் துரு பூத்திருந்தது. உப்புக் காற்றுக்கு அந்த மாதிரி செருகு இணைப்பெல்லாம் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை என்பது என் அனுபவம். இப்போது எல்லாமே சால்டர் செய்து, சூட்டில் சுருங்கி ஒயரை இறுகப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, மூடிய பெட்டிக்குள் இருக்கிறது.

நிரலையும் முதலிலிருந்து எழுதினேன். 15-க்குக் கீழோ 40-க்கு மேலோ எது வந்தாலும் நம்பாதே. தொடர்ந்து ஐந்து முறை வந்தால் ஹீட்டரை அணைத்து பஸரை (எச்சரிக்கை ஒலியை) அடி. இரண்டாவது சென்சார் ஒன்றும் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் 1.5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் அதே கதைதான்.

ரிலேயில், அதாவது கன்ட்ரோலர் போர்டு சொன்னபடி மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்சில், ஒரு விஷயம். என்ஓ (சாதாரணமாகத் துண்டித்திருப்பது), என்சி (சாதாரணமாக இணைந்திருப்பது) என்று இரண்டு முனைகள் இருக்கும். ஹீட்டரை என்ஓ முனையில் கொடுங்கள், போர்டு செத்தால் ஹீட்டரும் அணையும். ஃபில்டரை என்சி முனையில் கொடுங்கள், போர்டு செத்தாலும் ஃபில்டர் ஓடும். ‘இது நின்றால் மீனுக்கு என்ன ஆகும்’ என்று ஒவ்வொரு ஒயருக்கும் கேட்டுவிட்டுத்தான் இப்போது இணைக்கிறேன். ரிலேயின் உள்முனைகள் சில சமயம் உருகி ஒட்டிக்கொண்டு அணையாமலே நிற்கும். அதற்குத்தான் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் இப்போது 30-இல் இருக்கிறது.

கொளத்தூரிலிருந்து:

அண்ணா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. கத்திரி வெயிலில் என் மூன்றடித் தொட்டி 33 டிகிரியைத் தொடும். கம்ப்யூட்டரில் வரும் 12 வோல்ட் ஃபேன் இரண்டை நீர்மட்டத்தின் மேல் வைத்து, 29-க்கு மேல் போனால் ஓடும்படி இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டில் நிரல் எழுதினேன். நீர் ஆவியாவதால்தான் குளிர்ச்சி. காற்று உலர்ந்திருக்கும் நாளில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கடல்காற்று புழுங்கும் நாளில் ஒன்று இறங்கினாலே பெரிது.

ஆவியானால் நீர் குறையுமே, அதை நிரப்ப ஒரு மிதவை ஸ்விட்சும் சின்ன பம்பும் வைத்தேன். ஒரு நாள் ஒரு நத்தை ஏறி மிதவைக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மிதவை கீழேயே நின்றுவிட்டது. 20 லிட்டர் கேன் முழுக்கத் தொட்டிக்குள் போய் வழிந்து, கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டும்வரை எனக்குத் தெரியாது.

இப்போது கேனையே 8 லிட்டராக மாற்றிவிட்டேன். தொட்டியில் எப்போதும் இரண்டங்குலம் இடம் விட்டிருக்கிறேன். கேன் மொத்தமும் காலியானாலும் ஓரங்குலம்தான் ஏறும். நிரல் என்ன தப்பு செய்தாலும் வழிய வழியே இல்லை. பம்பும் ஒரு தடவைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடாது. குழாயின் முனை நீருக்குள் முங்காமல் மேலேயே நிற்கட்டும். முங்கினால், பம்ப் நின்றதும் தொட்டி நீர் கேனுக்குத் திரும்பி இறங்கும். கேனில் ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். ஆவியாகும்போது உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும், அதன்மேல் போர் தண்ணீரையும் ஊற்றினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும்.

வேளச்சேரியிலிருந்து:

நான் பகிர்வது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நடந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்பை வைத்து நியான் டெட்ராக்களைக் காப்பாற்றிவிட்டேன். கரண்ட் வந்ததும்தான் கெட்டது. வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முறை. என் போர்டு இணையத்திலிருந்துதான் நேரம் எடுக்கும். இணையம் இன்னும் வரவில்லை. அதனால் அதற்கு அன்று 1970 ஜனவரி 1. ஒவ்வொரு முறை எழும்போதும் இன்று தீனி போடவில்லை என்று கணக்கிட்டு, தீனிப் பெட்டியை ஒரு சுற்று சுற்றியது. நான் மாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் நீரோட்டம் இல்லாமல் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாக்கள் ஏற்கெனவே செத்திருந்தன. அதன்மேல் அவ்வளவு தீனி. மறுநாள் அம்மோனியா சோதனைக் குழாய் கரும்பச்சை, மீனுக்கு நஞ்சான அம்மோனியா எக்கச்சக்கம் என்று அர்த்தம். தினம் பாதி நீர் மாற்றியும் இருபதில் ஆறுதான் மிஞ்சின.

இப்போது டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று, நாணய பேட்டரியோடு. கரண்ட் போனாலும் நேரம் போகாது. கடைசியாகத் தீனி போட்ட தேதியை போர்டின் நிரந்தர நினைவகத்தில் எழுதி வைக்கிறேன், அதே தேதி இருந்தால் பெட்டி சுற்றாது. தேதி 2023-க்கு முன்னால் என்று தெரிந்தால் எதையுமே செய்யாமல் காத்திருக்கும். மீன் இரண்டு நாள் பட்டினி கிடக்கும், ஒன்றும் ஆகாது. அள்ளிக் கொட்டினால்தான் ஆபத்து.

திருவான்மியூரிலிருந்து, மறுபடி:

வேளச்சேரி மேடம், அந்த 1970 விஷயம் என் போர்டிலும் அப்படியே இருக்கிறது. இந்த வாரமே கடிகாரச் சில்லு வாங்குகிறேன். கொளத்தூர் தம்பி, சின்னக் கேன் யோசனைக்கு நன்றி.

எழுத விட்டுப்போன ஒன்று: தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டால் கையை நீரில் விடுவது நாம்தான். ஒயர்கள் ப்ளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அப்புறம், மாதம் ஒரு ஞாயிறு நானே சென்சாரைப் பிடுங்கிப் பார்க்கிறேன். போன வாரம் பிடுங்கியபோது பத்து நொடியில் பஸர் அடித்தது, ஹீட்டர் விளக்கு அணைந்தது. மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, “28 தாம்ப்பா” என்றாள்.